புழுவும் அதன் இலையும்
மரியா சிபில்லா மெரியன் அம்மையாரின் வாழ்க்கை

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு ஒன்று அதன் இலைமேல் அமர்ந்து கொழுந்தைத் தின்றுகொண்டிருக்கும். அதனை எடுத்துப் பக்கத்தில் உள்ள எருக்கஞ்செடியில் விட்டுப் பாருங்கள். தலையை இப்படியும் அப்படியும் அசைக்கும். இலையின் விளிம்பை வாயால் தொட்டுப் பார்க்கும். பின்னர் உண்ணாமல் நகர்ந்துவிடும். பட்டினியால் மடிந்தாலும் மடியுமேயன்றி எருக்கிலையைத் தின்னாது. ஆனால் அதே எருக்கிலையில் வரிவரியாய்க் கோடணிந்த வேறொரு புழு வயிறார உண்டு கொழுத்திருக்கும்.

முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே இப்புழுக்களுக்குத் தம் இலை எது, அயல் இலை எது என்பது தெரிந்திருக்கிறது. தாய் உடனிருந்து ஊட்டவில்லை. ஆசிரியர் எவரும் கற்பிக்கவில்லை. இவ்வறிவு எங்கிருந்து வந்தது? புழுவுக்கு நாக்கு உண்டா? உண்டெனில் அந்நாக்கு இலையில் எதனைச் சுவைக்கிறது? இவ்வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் விடை கிடைக்கத் தொடங்கியது. ஆனால் விடைக்கு முன் வினா பிறக்க வேண்டும் அன்றோ? ஒவ்வொரு புழுவையும் அதன் இலையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணத்தை உலகிற்கு முதன்முதலில் பெருமளவில் கற்பித்தவர் ஒரு பெண்மணி. பல்கலைக்கழக வாயிலை மிதிக்காதவர். பட்டம் எதுவும் பெறாதவர். அவரே மரியா சிபில்லா மெரியன் அம்மையார். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

மெரியன் அம்மையார் 1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயு மெரியன், சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரிலிருந்து வந்து குடியேறியவர். ஐரோப்பிய நகரங்களின் தோற்றங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுப் புகழ்பெற்ற பதிப்பாளர். ஆகவே குழந்தை மரியா, மையின் மணத்திலும் தாள்களின் சலசலப்பிலும் கண்விழித்தாள் எனலாம். ஆயினும் அந்த நிழல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1650இல் தந்தை மறைந்தார். அப்போது மரியாவுக்கு வயது மூன்றுதான்.

மறு ஆண்டு தாயார், யாக்கோபு மாரெல் என்னும் ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். மாரெல் மலர்களை வரைவதில் வல்லவர். சிற்றப்பன் என்று ஒதுங்கி நில்லாது, பெண்குழந்தையின் கையில் தூரிகையைக் கொடுத்து, கோடு இழுக்கவும் வண்ணம் கலக்கவும் கற்பித்தவர் அவரே. அக்கால மலரோவியங்களில் அழகுக்காக ஒரு வண்டு, ஒரு பட்டாம்பூச்சி, ஓர் இலைப்புழு என்று சேர்ப்பது வழக்கம். ஓவியர்களுக்கு அவை வெறும் அணிகலன். எந்தப் புழு எந்தச் செடியில் இருக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. ரோசாப்பூவின்மேல் அவரைச் செடிப் புழுவை வைத்தாலும் கேட்பார் இல்லை. சிறுமி மரியாவோ அவ்வாறு விட்டுவிடவில்லை. பூச்சியை வரைய வேண்டுமானால் அது எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டும் என எண்ணினாள்.

பட்டுப்புழு கற்பித்த பாடம்

1660ஆம் ஆண்டு, தன் பதின்மூன்றாம் வயதில், மரியா பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினாள். முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி என்று நான்கு நிலைகளையும் தன் கண்ணாலேயே கண்டாள். கண்டதை எழுதினாள், வரைந்தாள்.

இன்று பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி இது என்று நாம் நினைக்கலாம். அக்காலத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். புழுக்கள் சேற்றிலும் அழுகிய பொருளிலும் தாமே தோன்றுகின்றன என்று கற்றவர்களே பெரும்பாலும் நம்பிய காலம் அது. இத்தாலிய அறிஞர் ரெடி, இறைச்சியில் ஈக்கள் முட்டையிட்டால்தான் புழு தோன்றும் என்பதைச் சோதனையால் காட்டி நூல் வெளியிட்டது 1668இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இச்சிறுமி தன் வீட்டில் பட்டுப்புழுக்களை வைத்துக்கொண்டு நாள்தோறும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு வேறொன்றும் விளங்கிவிடும். அப்புழு முசுக்கட்டை இலைக்காகவே பிறந்தது. முசுக்கட்டை கிடைக்காத நாளில் சிலர் கீரை போன்ற லெட்டூஸ் இலையைக் கொடுத்துச் சமாளிப்பதுண்டு. எனினும் முசுக்கட்டையில் வளர்வதுபோல் அதில் புழு வளர்வதில்லை. ஆகவே புழு வளர்ப்பவருக்கு முதற் கவலை இலைதான். இலையைத் தேடுபவரே புழுவை அறிவார்.

பட்டுப்புழுவோடு மரியா நிற்கவில்லை. பிற புழுக்களிலிருந்து இதனினும் அழகிய பட்டாம்பூச்சிகள் வருவதைக் கண்டார். அன்றுமுதல் தோட்டம், வயல், வேலி என்று எங்கும் சென்று அகப்பட்ட புழுக்களை எல்லாம் கொண்டுவந்து வளர்க்கலானார். இப்பணிக்காக மக்களோடு கூடிப் பொழுதுபோக்குவதையும் துறந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

இல்லறமும் ஆராய்ச்சியும்

1665இல் மரியா, மாரெலின் மாணவரான யோகான் ஆண்டிரியாசு கிராப் என்னும் ஓவியரை மணந்தார். 1668இல் யோகன்னா எலேனா என்னும் மூத்த மகள் பிறந்தாள். பின்னர் குடும்பம் கணவரின் ஊராகிய நூரம்பெர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1678இல் இரண்டாம் மகள் டொரோத்தியா மரியா பிறந்தாள். குடும்பம் நடத்த வருவாய் வேண்டும். அம்மையார் செல்வர் வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூந்தையலும் கற்பித்தார், வண்ணங்கள் விற்றார். தையலுக்கும் ஓவியத்துக்கும் மாதிரியாக மலர்ப் படங்கள் கொண்ட நூலை 1675 முதல் 1680 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டார்.

அடுப்படியும் குழந்தைகளும் மாணவியரும் ஒருபுறம். புழுப் பெட்டிகள் மறுபுறம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவகைப் புழு. அதனை எச்செடியில் கண்டாரோ அச்செடியின் இலையை நாள்தோறும் புதிதாகப் பறித்துவந்து இடவேண்டும். ஒருநாள் தவறினாலும் பல திங்கள் உழைப்பு வீணாகும். இலை தீர்ந்தபோது சிலவகைப் புழுக்கள் பசி தாளாமல் ஒன்றையொன்று தின்றதையும், தம் இலை கிடைத்தவுடன் அச்செயலை விட்டுவிட்டதையும் அம்மையார் குறித்து வைத்துள்ளார். எந்நாளில் தோலுரித்தது, எந்நாளில் கூடு கட்டியது, எத்தனை நாள் கழித்துப் பூச்சி வெளிவந்தது என்பனவற்றை எல்லாம் எழுதினார். பதப்படுத்திய தோலின் சிறு துண்டுகளில் நீர்வண்ணத்தால் படம் வரைந்து, குறிப்பேட்டில் பதித்து, பக்கத்தில் குறிப்பெழுதினார். அக்குறிப்பேடு பிற்காலத்தில் இரசிய நாட்டின் அறிவியல் கழகத்தைச் சேர்ந்து, 1976இல் அச்சேறியது. ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பின் பெரும்பகுதி அந்த ஏட்டில் அடங்கியுள்ளது.

1679இன் புதுமை

இவ்வுழைப்பின் கனியாக 1679இல் அம்மையாரின் புழு நூலின் முதற்பகுதி வெளிவந்தது. ஐம்பது செப்புத்தகட்டுப் படங்கள் கொண்டது. இரண்டாம் பகுதி மேலும் ஐம்பது படங்களுடன் 1683இல் வந்தது. அந்நூலின் பெயரே கருத்தூன்றி நோக்கத்தக்கது. புழுக்களின் வியத்தகு உருமாற்றம் என்பதோடு அமையாமல், அவற்றின் விந்தையான மலருணவு என்பதையும் சேர்த்துத் தலைப்பிட்டார். உருமாற்றம் பாதி, உணவு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு முழுமை பெறும் என்பது அவர் துணிவு.

அவருக்கு முன்னே பூச்சிகளின் உருமாற்றத்தைப் படம் வரைந்தவர் இல்லாமல் இல்லை. ஹாலந்து நாட்டு ஓவியர் கோடார்ட் என்பவர் 1660களிலேயே புழுவையும் கூட்டையும் பூச்சியையும் வரைந்து நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் அப்படங்களில் உயிர்கள் வெற்றுத் தாளில் வரிசையாக நிற்கும். உண்ணும் செடி உடன் இராது. மெரியன் அம்மையாரோ ஒரே படத்தில் செடியை நிறுத்தி, அதன் இலையில் முட்டை, கடித்த விளிம்பில் புழு, தண்டில் கூடு, மலரில் பூச்சி என்று அமைத்தார். முதற்படத்தில் இடம்பெற்றது எது தெரியுமா? முசுக்கட்டை இலையும் பட்டுப்புழுவும்தான். பதின்மூன்று வயதில் தமக்கு ஆசிரியராய் அமைந்த புழுவை அவர் மறக்கவில்லை.

நூல் இலத்தீனில் அன்றி, மக்கள் பேசும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. அறிஞர் மட்டுமன்றித் தோட்டக்காரரும் ஓவியரும் பெண்களும் படிக்க முடிந்தது. ஒரு புழு ஒரே செடியை உண்ணும். வேறொரு புழு பல செடிகளை உண்ணும். ஒரே செடியைப் பலவகைப் புழுக்கள் பகிர்ந்துகொள்ளும் என்னும் உண்மைகள் படத்துக்குப் படம் வெளிப்பட்டன. சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வராமல் ஈக்களும் குளவிகளும் வந்தன. அவை புழுவின் உடலில் ஒட்டுண்ணியாய் வளர்ந்தவை என்று இன்று நாம் அறிவோம். அம்மையார் அதன் காரணத்தை அறியவில்லை. ஆனாலும் தம் கொள்கைக்குப் பொருந்தவில்லையே என்று மறைக்காமல், கண்டவாறே வரைந்து வைத்தார். தெரிந்ததை எழுதுவது எளிது. புரியாததையும் ஒளிக்காமல் எழுதுவதே அறிவியல் நேர்மை.

துறவும் தனிமையும்

அம்மையாரின் இல்வாழ்க்கை இனிதாக அமையவில்லை. 1681இல் சிற்றப்பனார் மாரெல் இறந்தபின், தாயாருக்குத் துணையாகப் பிராங்க்பர்ட் திரும்பினார். சில ஆண்டுகளில் கணவரைப் பிரிந்து, முதிய தாயாரோடும் இரு மகளிரோடும் ஹாலந்து நாட்டின் பிரீசுலாந்துப் பகுதிக்குச் சென்றார். அங்கு வீவெர்ட் என்னும் சிற்றூரின் கோட்டையில் லபாடியர் என்னும் சமயக் குழுவினர் உடைமைகளைப் பொதுவாக்கி, எளிய வாழ்வு வாழ்ந்துவந்தனர். கணவர் வந்து அழைத்தும் அம்மையார் திரும்பவில்லை. 1690இல் தாயார் அங்கேயே கண்மூடினார்.

அக்கோட்டையில் இருந்தபோதுதான் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டிலிருந்து வந்த பெரும் பட்டாம்பூச்சிகளை அவர் கண்டார் என்பர். கோட்டைக்கு உரிய குடும்பத்தைச் சேர்ந்தவரே அந்த டச்சுக் குடியேற்ற நாட்டின் ஆளுநராக இருந்தவர். 1691இல் அம்மையார் ஆம்சுட்டர்டாம் நகரில் குடியேறி, தம் மகளிரோடு ஓவியத் தொழிலால் வாழ்வு நடத்தினார். அந்நகரத்துச் செல்வர்கள் கடல்கடந்த நாடுகளிலிருந்து பூச்சிகளை வருவித்துப் பேழைகளில் குத்தி வைத்திருந்தனர். அவற்றைக் கண்டவர் எல்லாம் வியந்தனர். அம்மையாருக்கோ மனக்குறை. நிறம் இருக்கிறது, இறக்கை இருக்கிறது, ஆனால் இது எப்புழுவிலிருந்து வந்தது, அப்புழு எவ்விலையைத் தின்றது என்று கேட்டால் பேழை பேசாது. விடை வேண்டுமானால் அந்த மண்ணுக்கே செல்ல வேண்டும்.

சுரினாம் பயணம்

1699ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் 52ஆம் வயதில், இளைய மகள் டொரோத்தியாவை உடன் அழைத்துக்கொண்டு அம்மையார் கப்பலேறினார். அரசு அனுப்பவில்லை, வணிகக் கழகம் பொருள் தரவில்லை. தம் ஓவியங்களையும் சேர்த்துவைத்த பூச்சிகளையும் விற்று, அந்தப் பணத்தில் சென்றார். ஆய்வுக்காகவே கடல் கடந்த பயணம் அக்காலத்தில் ஆண்களுக்கே அரிது.

சுரினாமில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். பாரமரிபோ நகரில் வீடெடுத்து, தோட்டத்தில் செடிகள் வளர்த்து, ஆற்றின் வழியே உள்நாடு சென்று புழுக்களைத் தேடினார். வெப்பமோ தாங்க முடியாதது. பிடித்துவந்த புழுக்களை எறும்புகள் தின்றன. காட்டில் உயர்ந்த மரங்களின் உச்சியில் வாழும் பூச்சிகள் எட்டவில்லை. அங்கிருந்த வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்குச் சர்க்கரை ஒன்றே குறி. கரும்பைத் தவிர வேறொன்றைத் தேடி ஒருவர் வருவாரா என்று அம்மையாரை எள்ளி நகையாடினர். அவர் தம் நூலில் அதனைக் குறிப்பிட்டு, அந்த வளமிக்க மண்ணில் வேறு எத்தனையோ விளையக்கூடும் என்றும் எழுதினார்.

அங்கே அவருக்கு உற்ற துணையாய் நின்றவர்கள் அந்நாட்டுப் பழங்குடியினரும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் ஆவர். காட்டில் வழி வெட்டியவர்கள் அவர்கள்; புழுவும் செடியும் கொணர்ந்தவர்கள் அவர்கள்; எச்செடி மருந்து, எச்செடி உணவு என்று சொன்னவர்கள் அவர்கள். அம்மையாரும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவரே. இவ்வுண்மையை மறைத்து அவரைப் போற்றுவது அவருடைய நேர்மைக்கே மாறாகும்.

ஆயினும் அவர் செவி மூடியிருக்கவில்லை. செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு செடியை வரைந்தபோது, அதன் பக்கத்தில் ஒரு செய்தியை எழுதினார். டச்சு முதலாளிகளிடம் கொடுமைப்படும் அடிமைப் பெண்கள், தம் குழந்தைகளும் அடிமைகளாய்ப் பிறக்கலாகாது என்று அச்செடியின் விதையை உண்டு கருவைக் கலைத்துக்கொள்கின்றனர் என்றும், இதனை அப்பெண்களே தம்மிடம் கூறினர் என்றும் பதிவு செய்தார். வேறு எந்த ஆவணத்திலும் எளிதில் காணக் கிடைக்காத அப்பெண்களின் துயரம், ஒரு பூச்சி நூலின் பக்கத்தில் முந்நூறு ஆண்டுகளாய் நிற்கிறது. அச்செடி நமக்கு அயலானது அன்று. நம் ஊர்ப் பூங்காக்களிலும் வேலியோரங்களிலும் பூத்து நிற்கும் மயிற்கொன்றையே அது.

அச்செடியின்மேல் அம்மையார் வரைந்த அந்துப்பூச்சி, புகையிலைக் கொம்புப்புழுவிலிருந்து வருவது எனப் பிற்கால அறிஞர் அடையாளம் கண்டனர். ஆனால் அப்புழுவின் உணவு புகையிலை, தக்காளிக் குடும்பத்துச் செடிகளே; மயிற்கொன்றை அன்று. சுரினாம் நூலின் சில படங்களில் இவ்வாறு செடியும் புழுவும் பொருந்தாமல் போனதுண்டு. காய்ச்சலோடும் அவசரத்தோடும் செய்த பணியில் பிழை நேர்ந்தது இயல்பே. ஆனால் பிழை என்று நாம் சொல்வதற்கே புழுவுக்கு உரிய செடி ஒன்று உண்டு என்னும் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை நமக்குத் தந்தவர் அவரே.

நூலும் இறுதிக் காலமும்

நோய் மிகுந்ததால், நினைத்ததைவிட விரைவில், 1701இல் அம்மையார் ஆம்சுட்டர்டாம் திரும்பினார். பழங்குடிப் பெண் ஒருத்தியையும் உடன் அழைத்துவந்தார். பின் நான்கு ஆண்டுகள் உழைத்து, 1705இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 60 படங்கள், டச்சு மொழியிலும் இலத்தீன் மொழியிலும் உரை. செடிகளுக்கு இலத்தீன் பெயர்களைத் தாவரவியல் அறிஞர் காசுபர் கொமெலின் தந்து உதவினார். அன்னாசி, மரவள்ளி, கொய்யா என்று நாம் இன்று நம் பயிராகவே எண்ணும் பல செடிகள் தத்தம் பூச்சிகளோடு அதில் காட்சி தருகின்றன.

பறவையைத் தின்னும் சிலந்தியை அவர் வரைந்ததைக் கண்டு கட்டுக்கதை என்று பலர் பின்னாளில் இகழ்ந்தனர். அமேசான் காடுகளில் அலைந்த பேட்சு என்னும் ஆங்கில இயற்கை அறிஞர், அத்தகைய சிலந்தியைத் தாமே கண்டு 1863இல் எழுதியபின்தான் அந்த இகழ்ச்சி அடங்கியது. உயிர்களுக்கு இருபெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசு, பல பூச்சிகளை விளக்க அம்மையாரின் படங்களையே சான்றாகக் காட்டினார்.

1715இல் அம்மையார் பக்கவாதத்தால் தாக்குண்டார். 1717 சனவரி 13ஆம் நாள் ஆம்சுட்டர்டாமில் இயற்கை எய்தினார். அதே ஆண்டில் புழு நூலின் மூன்றாம் பகுதியை மகள் டொரோத்தியா வெளியிட்டார். இரசியப் பேரரசர் பீட்டர் அவருடைய ஓவியங்களை விலைக்கு வாங்கித் தம் தலைநகருக்குக் கொண்டுசென்றார். டொரோத்தியாவும் அந்நகருக்கே சென்று ஓவியப் பணி ஆற்றினார். பிற்காலத்தில் ஜெர்மனி தன் 500 மார்க்குப் பணத்தாளில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்தது. 1992 முதல் 2002இல் யூரோ நாணயம் வரும்வரை அத்தாள் வழங்கியது. அதன் மறுபக்கத்தில் டாண்டெலியன் என்னும் செடியும் அதன்மேல் ஒரு புழுவும் பட்டாம்பூச்சியும் இருந்தன. பணத்தாளில்கூடப் புழு தன் செடியைப் பிரியவில்லை.

புழுவின் நாக்கு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். எந்தப் புழு எந்த இலையை உண்கிறது என்று மெரியன் அம்மையார் காட்டினார். ஏன் உண்கிறது, எவ்வாறு அறிகிறது என்பதைக் கண்டறியும் பணி அவருக்குப் பின் வந்தோருடையது ஆயிற்று.

அம்மையார் கண்மூடிய அதே ஆம்சுட்டர்டாம் நகரில், 1910ஆம் ஆண்டு வெர்சாபெல்ட் என்னும் தாவரவியல் பேராசிரியர் ஒரு சோதனையை வெளியிட்டார். முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள், கடுகுக் குடும்பத்துச் செடிகளையும் அவற்றை ஒத்த காரம் உடைய சிலவற்றையும் மட்டுமே உண்பதை அவர் கவனித்தார். கடுகின் காரத்துக்குக் காரணமான சினிகிரின் என்னும் பொருளையும் அத்தகைய செடிகளின் சாற்றையும் புழுக்கள் விரும்பாத இலைகளில் தடவினார். புழுக்கள் தயங்காமல் உண்டன! ஆகவே புழு அடையாளம் காண்பது இலையின் வடிவத்தை அன்று. அதன் சுவையையே என்பது தெளிவாயிற்று. செடி தன் பகைவரை விரட்டுவதற்காக உண்டாக்கிய காரமே, இப்புழுவுக்கு விருந்துக்கு அழைக்கும் குரலாய் அமைந்தது.

அச்சுவையை உணரும் உறுப்பு எது? 1961இல் வால்ட்பாவர், பிரெங்கல் என்னும் இருவர், புகையிலைக் கொம்புப்புழுவின் வாயருகே உள்ள சிறு துணைத்தாடைகளை அகற்றிப் பார்த்தனர். மயிற்கொன்றைப் படத்தில் நாம் கண்ட அதே இனம்தான் இது. துணைத்தாடை இழந்த புழு, முன்பு தொடவும் மறுத்த செடிகளைத் தின்னத் தொடங்கியது. நாக்கை இழந்தவனுக்குச் சோறும் தவிடும் ஒன்றாய்ப் போனதுபோல!

துணைத்தாடை ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்முளைகள் இரண்டு உள்ளன. ஒவ்வொரு முளையிலும் நான்கு சுவை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஹாலந்து நாட்டு அறிஞர் சூன்கோவன் முதலியோர் 1960களில் இவற்றின் மின்துடிப்புகளை நுண்கருவியால் பதிவு செய்தனர். ஓர் அணு சர்க்கரைக்குத் துடிக்கிறது. ஒன்று புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களுக்குத் துடிக்கிறது. மற்றொன்று, முட்டைக்கோசுப் புழுவில், கடுகுக் காரத்துக்கே உரியது. வேறொன்று கசப்பை உணர்ந்து, வேண்டாம் என்று தடுக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த அணுக்கள் தரும் செய்தியைக் கூட்டிக் கழித்து, உண்பதா விடுவதா என்று புழுவின் சிறு மூளை முடிவு செய்கிறது.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. புரதம் குறைந்த உணவில் சிலகாலம் வைக்கப்பட்ட புழுவின் சுவையணுக்கள், அமினோ அமிலங்களுக்கு முன்னினும் கூர்மையாகத் துடிக்கின்றன. மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்த உணவில் வைத்தால் சர்க்கரைக்குக் கூர்மையடைகின்றன. இங்கிலாந்தின் சிம்ப்சன் முதலிய ஆய்வாளர்கள் பருத்தியிலைப் புழுவில் இதனை 1990களின் தொடக்கத்தில் காட்டினர். வெட்டுக்கிளிகளிலும் இவ்வாறே நிகழ்கிறது. அவற்றின் குருதியில் அமினோ அமிலம் குறையும்போது நாவின் கூர்மை மிகுகிறது என்றும் அறியப்பட்டது. அதாவது, உடலுக்கு எது குறைகிறதோ அதனை நாக்கு தேடுகிறது. வேண்டியதை உண்டு, போதும் என்ற அளவில் நிறுத்தும் இவ்வறிவு, சுவைக்காகவே உண்டு நோயைத் தேடிக்கொள்ளும் மனிதரை நாணச் செய்வதன்றோ?

இறுதியாக, முதற் புழுவாகிய பட்டுப்புழுவுக்கே திரும்புவோம். 2019இல் சீன நாட்டு ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் கசப்புச் சுவைக்குரிய மரபணு ஒன்றைச் செயலிழக்கச் செய்தனர். முசுக்கட்டையன்றி வேறறியாத அப்புழு, ஆப்பிள், பேரிக்காய், சோயா மொச்சை ஆகியவற்றையும் தின்னத் தொடங்கியது. பிற இலைகளின் கசப்பே இதுகாறும் அதனைத் தடுத்து வந்த வேலி என்பது புலனாயிற்று. பிராங்க்பர்ட் வீட்டில் முசுக்கட்டை இலையோடு நின்ற பதின்மூன்று வயதுச் சிறுமியின் வினாவுக்கு, 359 ஆண்டுகள் கழித்து ஒரு பகுதி விடை கிடைத்தது.

முடிவுரை

மெரியன் அம்மையாரிடம் நுண்ணோக்கிக் கூடம் இல்லை. மின்துடிப்பை அளக்கும் கருவி இல்லை. பேராசிரியர் பதவி இல்லை. இருந்தவை ஒரு பெட்டி, ஒரு தூரிகை, நாள்தோறும் இலை பறித்துவரும் பொறுமை. பிறர் அழகை மட்டும் கண்ட இடத்தில் அவர் பசியைக் கண்டார். பேழையில் குத்திய பூச்சியைப் பார்த்து மகிழ்ந்தவர்களிடையே, இது உயிரோடிருந்தபோது எதை உண்டது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் பூச்சியியலும் தாவரவியலும் கைகோத்தன.

பயிருக்கும் பூச்சிக்கும் இடையே நடக்கும் போரில் இன்றும் நம் உழவர் நஞ்சைத் தெளித்து நலிகின்றனர். புழு எதைச் சுவைத்து இலையை ஏற்கிறது, எதைச் சுவைத்து மறுக்கிறது என்று முழுதும் அறிந்தால், நஞ்சின்றியே அதனை விலக்கும் வழிகள் பெருகும். அவ்வழிக்கு வேண்டிய முதற் பாடம் மெரியன் அம்மையாரின் பாடமே: புழுவைத் தனியே பாராதே, இலையோடு பார்.

மாணவ நண்பர்களே, நம் ஆய்வகத்தில் கருவிகள் போதவில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்வதுண்டு. குறை உண்மைதான்; கேட்டுப் பெறவேண்டியதும்தான். ஆனால் கருவி வரும்வரை கண் மூடியிருக்க வேண்டுமா? அடுத்தமுறை மயிற்கொன்றை பூத்திருக்கக் கண்டால் ஒரு கணம் நில்லுங்கள். கடல் கடந்து சென்ற ஒரு முதிய பெண்மணியையும், அவரிடம் தம் துயரைச் சொன்ன பெயரறியாப் பெண்களையும் நினையுங்கள். பின்னர் குனிந்து இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒரு புழு இருக்குமாயின், அது என்ன உண்கிறது என்று எழுதி வையுங்கள். நமக்குப் பின் வருவோர் அதன் காரணத்தைக் கண்டறிவர்.